லயத்திலிருந்து றோட்டுக்கு 94 படி: நடக்க முடியாத அம்மாவுக்கு எந்தக் கந்தோரில் என்ன கிடைக்கும்?

#1 மேற்கணக்கு

வணக்கம். ஊர் பொகவந்தலாவைப் பக்கம், நான் கொழும்பில் புடவைக்கடையில் வேலை. அம்மாவுக்கு 72 வயது. 1976-ல் வாக்கப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்து, 2014-ல் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டும் வரை 38 வருடம் கொழுந்து எடுத்தவர். போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பிவிட்டது, தங்கச்சியைக் கேட்டால் சொல்வாள்.

எங்களுடையது மேட்டு லயம் (தோட்டத்து வரிசை வீடு), அதிலும் கடைசிக் காம்பரா (அறை). றோட்டுக்கு இறங்க 94 கல்படி. கிளினிக் நாள் என்றால் நாலு பேரைப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரையில் அம்மாவை உட்கார வைத்து, கம்பளியால் கட்டி, முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேர். வேலை நாளில் ஆம்பிளைகள் எல்லோரும் மலையிலோ கொழும்பிலோ இருப்பார்கள். போன மாதம் நாலாவது ஆள் கிடைக்காமல் கிளினிக்கே போகவில்லை.

ஒரு விழாவில் சக்கர நாற்காலி ஒன்று கொடுத்தார்கள், போட்டோவும் எடுத்தார்கள். அது இப்போது இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நிற்கிறது, மேலே விறகு அடுக்கியிருக்கிறோம்.

முதியோர் காசு கிடைக்கவில்லை. அஸ்வெசும என்கிற அரசாங்க நலன்புரி உதவிப் பட்டியலிலும் பேர் இல்லை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) ஒரு தடவை வந்தது, ஆனால் 38 வருடத்துக்கு அது ரொம்பக் குறைவு என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு மூன்று நாள் லீவுதான் கிடைக்கும். எங்கே முதலில் போவது?

#2 பென்சன்_எழுதுவினைஞர்

தம்பி, நான் பிரதேச செயலகம் ஒன்றில் 27 வருடம் மேசையில் இருந்தவன். மூன்று நாள் போதும், ஆனால் வரிசை மாறக்கூடாது.

முதல் நாள் காலையிலேயே கிராம உத்தியோகத்தர். அவருடைய உறுதிக் கடிதம் இல்லாமல் மேலே எந்த மேசையும் அசையாது. அவர் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள், வெளிக்கள நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

அப்புறம் பிரதேச செயலகம். உங்கள் ஊருக்கு முன்பு எல்லாமே அம்பகமுவ, கினிகத்தேனைக்கு இறங்க வேண்டும். இப்போது நோர்வூட் தனிப் பிரிவு. எந்தப் பிரிவு என்று கிராம உத்தியோகத்தரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். ஒருவர் சமூக சேவை உத்தியோகத்தர். மற்றவர் முதியோர் விடயத்தைப் பார்க்கிறவர், 60 தாண்டியவர்களுக்கான முதியோர் அடையாள அட்டை அவரிடம்தான். அந்த அட்டையால் காசு வராது. ஆனாலும் எடுத்து வையுங்கள், வரிசையில் நிற்கிற இடங்களில் உதவும்.

காசு விடயம். 70 தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கான கொடுப்பனவு 3,000 ரூபாவாக இருந்து 2025-ல் 5,000 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கானது 7,500-ல் இருந்து 10,000 ஆனது. அம்மாவுக்கு வயதும் இருக்கிறது, இயலாமையும் இருக்கிறது. எந்தப் பட்டியலில் போட்டால் நல்லது என்று சமூக சேவை உத்தியோகத்தரிடம் நேராகவே கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டரின் மருத்துவ அறிக்கை கேட்பார்கள், கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டு போங்கள். அஸ்வெசும பற்றிய முறைப்பாடு நலன்புரி நன்மைகள் சபைக்குப் போக வேண்டும், 1924-க்கு எடுக்கலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படிவத்தைச் சிங்களத்தில் நீட்டினால் தமிழில் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் அது உங்கள் உரிமை, யாரும் செய்கிற தயவு இல்லை. புரியாத படிவத்தில் அம்மாவின் பெருவிரலை வைக்க விடாதீர்கள்.

#3 பசறைக்காரன்

ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்த வரிசைக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. பேர்.

எங்கள் அப்பாயி அடையாள அட்டையில் பாப்பாத்தி. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பாப்பம்மா. ஈ.பி.எப். தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் திருப்பித் தமிழில் வாசித்தால் பாபதி. தகப்பன் பேர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் இல்லவே இல்லை. எங்களுக்கு ஒரே கிழவி, கந்தோருக்கு மூன்று கிழவிகள். பிறப்புச் சான்றிதழும் கிடையாது, வயசு கேட்டால் "பெரிய மண்சரிவுக்கு முந்தின வருசம்" என்று சொல்லும்.

கடைசியில் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, "இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான்" என்று தோட்டக் கந்தோரிலிருந்தும் கிராம உத்தியோகத்தரிடமிருந்தும் கடிதம் எடுத்தோம். ஆறு தடவை பஸ் ஏறினோம். மேற்கணக்கு, லீவு போடுவதற்கு முன்னால் எல்லாத் தாளையும் பாயில் பரப்பி, பேரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தங்கச்சியை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

#4 ஹட்டன்_மழை

ஈ.பி.எப். குறைவு என்று அம்மா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். 1976 என்கிறீர்கள். அப்போது தோட்டங்கள் அரசாங்கத்தின் கையில், ஜனவசம என்ற அரச சபை, இல்லாவிட்டால் மற்றக் கூட்டுத்தாபனம். கம்பனிகளுக்குக் கைமாறியது 1992-ல். முதலாளி மாறும்போது நம்பரும் மாறும். வந்தது கம்பனிக் காலத்துக் காசு மட்டும்தானா? பழைய நம்பரில் 16 வருடம் கிடக்கிறதா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் லயத்தில் இரண்டு பேருக்கு அப்படிக் கிடந்தது.

ஹட்டன் தொழில் காரியாலயத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, பழைய சம்பளத் துண்டு, பி கார்ட் (ஈ.பி.எப். அட்டை), எது இருந்தாலும் கொண்டு போங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் தோட்டத்தில் சேவைக் கடிதம் கேளுங்கள்.

சேவைக்காலப் பணமும் வந்ததா? அது ஈ.பி.எப். இல்லை, வேறு. 1983-ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். உதாரணத்துக்கு, 30 வருடம் செய்து, கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருக்கும்போது நின்ற ஒருவருக்கு 5,67,000 ரூபா வரும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 30 மாதம் காத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

#5 மேற்கணக்கு

அண்ணா, கை நடுங்குகிறது. தங்கச்சி படம் அனுப்பினாள். வந்த தாளில் 1992-க்கு முந்தின வருடம் ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "நான் பத்து வருசமா சொல்லலயா" என்று ஏசினார்.

பேர் விடயமும் அப்படித்தான். ஒன்றில் லெட்சுமி, ஒன்றில் இலட்சுமியம்மா.

சேவைக்காலப் பணம் வந்தது. தங்கச்சி கல்யாணத்தில் போய்விட்டது.

#6 நோர்வூட்_லைன்

தோட்டத்தைக் கேட்காமல் எல்லோரும் கந்தோர் கந்தோராக அலையச் சொல்கிறீர்களே. 38 வருடம் அந்த மலையில் கொழுந்து எடுத்த மனுசி. படியில் ஒரு பிடிகம்பி போட்டுக்கொடுக்க ஒரு தோட்டத்தால் முடியாதா? நன்றாக வேலை செய்யும் வரை ஆள், பேர் வெட்டினால் பாரம். முதலில் துரையிடம் (தோட்ட மனேஜரிடம்) எழுத்தில் கேளுங்கள்.

#7 பென்சன்_எழுதுவினைஞர்

கேட்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் கேட்டு ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அடுத்த கிளினிக்கும் போகும்.

#8 திகன_தெரபி

நான் பிசியோதெரபி படித்தவள், கண்டிப் பக்கத்தில் வேலை. காசைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், எனக்கு அந்த 94 படிதான் கண்ணில் நிற்கிறது.

முதலில் சக்கர நாற்காலி. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. முன்சக்கரம் சின்னதாக இருக்கிற அந்த வகை வழவழப்பான தரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் செய்தது. லயத்துக் கல்லில் ஒரு அடி ஓடாது. ஆனால் விறகை எடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார வையுங்கள். நாள் முழுதும் படுத்திருப்பதைவிட நிமிர்ந்து உட்காருவது நெஞ்சுக்கும் நல்லது, சாப்பாடு புரையேறாமலும் இருக்கும். படுத்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். உண்மையில் உங்களுக்கு அதைவிடத் தேவையானது கொமோட் கதிரை, உட்கார்ந்தபடியே மலசலம் கழிக்கிற கதிரை. கழிப்பறை லயத்துக்கு வெளியேதானே? மழை இரவில் அம்மா விழப்போவது அந்தப் பாதையில்தான். சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுக்கும்போது "ஏதாவது உதவி" என்று எழுதாமல் அதைப் பேர் சொல்லி எழுதுங்கள்.

தூக்கும்போது அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைபோட்டும் தூக்காதீர்கள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு இழுத்த இழுப்பில் நழுவும். பிறகு அந்த வலியால் பயிற்சியே செய்ய மாட்டார். இடுப்பில் ஒரு துணிப் பட்டியைக் கட்டி அதைப் பிடியுங்கள்.

பிடித்துக்கொண்டு நிற்க முடிகிறதா? இரண்டு எட்டு வைக்கிறாரா? அதைச் சொல்லுங்கள். திகனயில் அரசாங்கப் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கிறது. தங்கியிருந்து பயிற்சி செய்யலாம், உங்கள் கிளினிக் டொக்டரிடம் கடிதம் கேளுங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி என்ன என்று விடாதீர்கள். வேகம் குறையுமே தவிர, முன்னேற்றம் நின்றுவிடாது.

#9 மேற்கணக்கு

அக்கா, நிற்கிறார். சுவரைப் பிடித்து இஸ்தோப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவார். படி என்றால் பயம்.

#10 கால்நடை_லிந்துலை

பேரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஒரு காலும் ஒரு பொய்க்காலும், அதனால் கால்நடை. கொழுந்து லொறி புரண்டதில் முழங்காலுக்குக் கீழே போனது.

இளம் ஆட்களுக்காக ஒன்று சொல்கிறேன், இந்த இழையை அவர்களும் வாசிப்பார்கள். வேலையில் அடிபட்டால் அது "தலையெழுத்து" இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934-ல் இருந்தே இருக்கிறது. விபத்து நடந்தது வேலை நேரத்தில், வேலை இடத்தில் என்று தோட்ட டிஸ்பென்சரிக் கொப்பியிலும் ஆஸ்பத்திரி சீட்டிலும் எழுத வையுங்கள். என் சீட்டில் "விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கே விழுந்தான், எதிலிருந்து விழுந்தான்? அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருடம் இழுபட்டேன்.

பொய்க்காலைக் கொழும்பில் பிரெண்ட்-இன்-நீட் சொசைட்டியில் வாங்கினேன். 1831-ல் தொடங்கிய சங்கம், ஜெய்ப்பூர் கால் செய்கிறார்கள். நம் மலைக்கு அது நல்ல கால். ரப்பர் பாதம், செருப்பில்லாமல் சேற்றில் நடக்கலாம், குந்தியும் உட்காரலாம். ஏற்றம் லேசு, இறக்கம்தான் கஷ்டம், அது பழக மூன்று மாதம் ஆகும். மீதிக்கால் நாளுக்கு நாள் மெலியும், அதனால் உறை ஒன்றுக்கு மேல் ஒன்று போட வேண்டிவரும். இரண்டு சோடி கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். குளிர் நாளில் துவைத்தது காயாது.

#11 மாமி_நாவலப்பிட்டி

பிள்ளைகளா, குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் பக்கத்து வீட்டு பண்டா ஐயா பழைய ஆமிக்காரர், ஒரு கண் போனவர், மனைவியும் இல்லை. தமிழ் வாசிக்கத் தெரியாது, நான்தான் அவருக்குத் தாள் எழுதிக் கொடுக்கிறேன். அவருக்கு எங்கே கேட்பது?

#12 பென்சன்_எழுதுவினைஞர்

மாமி, படைவீரர்களுக்குத் தனியாக ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது, 1999-ல் சட்டம் போட்டு அமைத்தது. பென்சன் விடயம் என்றால் பிரதேச செயலகத்தில் பென்சன் மேசை. வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்கிறாரா என்று பாருங்கள். தனியாக இருக்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள், பென்சன் நின்றுவிடும். முதியோர் அட்டைக்கும் அவரைக் கூட்டிப் போங்கள்.

#13 நோர்வூட்_லைன்

பார்த்தீர்களா, அவருக்கு மாதா மாதம் பென்சன். எங்கள் அம்மாமாருக்கு மொத்தமாக ஒரு தடவை காசு. மொத்தமாக வந்தது மொத்தமாகவே போகும், கல்யாணம், கூரைத் தகடு, அடகுநகை மீட்க. 73 வயதில் மருந்து வாங்க ஒன்றும் இருக்காது. ஆமிக்கார ஐயாவோடு எனக்குப் பொறாமை இல்லை மாமி, கணக்கைத்தான் சொல்கிறேன்.

#14 மாமி_நாவலப்பிட்டி

கணக்கு சரிதான் தம்பி. பண்டா ஐயாவே அதைத்தான் சொல்வார், "எனக்கு மாதம் வருகிறது, எனக்குத் தேநீர் தந்தவளுக்கு வருவதில்லை" என்று.

#15 நெறியாளர்

கட்சி அரசியல் எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் எந்தக் கூட்டத்தில் என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்பதற்கு வேறு இழை உண்டு.

#16 ஹட்டன்_மழை

மறந்துவிட்டேன். ஈ.பி.எப். எடுத்துத் தருகிறேன், நூற்றுக்குப் பத்து தா என்று ஒருவர் வருவார். கறுப்புப் பை, இரண்டு போன். காரியாலயத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலேயே இருப்பார். விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. அடையாள அட்டையை எவர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

#17 பசறைக்காரன்

இன்னொன்று. டித்வா புயல் இரவை நினைத்தால் இன்னும் தூக்கம் வராது. 2025 நவம்பர் கடைசி. பின்னால் மண் இறங்குகிற சத்தம், கரண்ட் இல்லை. நடக்கிறவர்கள் எல்லோரும் ஓடிப் பள்ளிக்கூடத்தில் ஏறிவிட்டோம். அங்கே போய்த் தலையை எண்ணும்போதுதான் கண் தெரியாத மாரிமுத்துத் தாத்தா இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய்க் கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாகத் தூக்கி வந்தோம். பாவம், மனுசன் இருட்டில் கதவுக்குப் பக்கத்தில் செருப்பெல்லாம் போட்டு ரெடியாக உட்கார்ந்திருந்தார்.

இப்போது எங்கள் லயத்தில் பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்க்கிற இடம்) கதவுக்கு உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், காது கேட்காதவர், எந்தக் காம்பரா, யார் போய்த் தூக்க வேண்டும். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் இரண்டு பேர், ஒருவர் கொழும்பில் இருந்தால் மற்றவர். எட்டுப் பேர் இருக்கிறார்கள். இருபது காம்பராவில் எட்டு! எழுதிப் பார்க்கும் வரை எங்களுக்கே தெரியாது. கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்.

#18 திகன_தெரபி

அதே தாளில் 1990-ஐயும் பெரிதாக எழுதி வையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். முகம் ஒரு பக்கம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் விடியட்டும் என்று இருக்கவே கூடாது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பலன், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. அம்புலன்ஸ் றோட்டு வரைக்கும்தான் வரும். அந்த 94 படியை இறக்குவதும் அந்த நாலரைக்குள்தான்.

#19 மேற்கணக்கு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதல் நாள் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம். மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, தமிழில்தான் கொடுத்தார்கள், கேட்டவுடன். கொமோட் கதிரை என்று பேர் சொல்லி எழுதினேன். இரண்டாம் நாள் சத்தியக் கடதாசி, பிறகு ஹட்டன். மேசையில் இருந்தவர் பழைய நம்பரைத் தேடினார். லெட்சுமி என்று போட்டால் வரவில்லை, இலட்சுமியம்மா என்று போட்டால் வரவில்லை. கடைசியில் அப்பாவின் பேரில் தேடியபோது வந்தது. 1976. லட்சிமி. இருக்கிறது! எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை, உறுதிப்படுத்திய பிறகு அறிவிப்பார்களாம். தேத்தண்ணிக் கடையில் கறுப்புப் பைக்காரரும் இருந்தார், ஹட்டன் மழை அண்ணா சொன்ன மாதிரியே.

மூன்றாம் நாள் பிடிகம்பி. துரைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. ஹட்டனில் ஜீ.ஐ. பைப் வாங்கி, லயத்துப் பையன்கள் நாலு பேர், ஒரு மூடை சீமெந்து, 40 படி வரை போட்டோம். காசு அதோடு முடிந்தது.

#20 திகன_தெரபி

எந்தப் பக்கம் போட்டீர்கள்?

#21 மேற்கணக்கு

இறங்கும்போது இடது பக்கம். அம்மாவின் நல்ல கை இடது கைதானே.

#22 திகன_தெரபி

சரி, ஏறும்போது?

#23 மேற்கணக்கு

ஐயோ.

#24 திகன_தெரபி

பரவாயில்லை, எல்லோரும் செய்கிறதுதான். ஏறும்போது அதே கம்பி வலது பக்கம் வந்துவிடும், அந்தக் கையால் பிடிக்க முடியாது. மற்றப் பக்கமும் போட வேண்டும். காசு வரும் வரை ஏறும்போது தங்கச்சி அம்மாவின் இடது பக்கத்தில் நின்று தோளைக் கொடுக்கட்டும், வலது பக்கத்தில் இன்னொரு ஆள் இடுப்புப் பட்டியைப் பிடிக்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோய்க்கால் முதலில். ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்த பிறகுதான் அடுத்த படி.

#25 கால்நடை_லிந்துலை

அந்தக் கால் வரிசை எனக்கும் அப்படியேதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடப்பேன், பஸ் ஹோல்ட்டில் நிற்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்கள்.

பைப் என்ன விலை போட்டார்கள்? எங்கள் லயத்திலும் ஒரு பாட்டி இருக்கிறார்.

#26 மேற்கணக்கு

பில் தங்கச்சியிடம், படம் அனுப்பச் சொல்கிறேன். முக்கால் அங்குலம் வாங்காதீர்கள், வளைகிறது. ஒன்றரை வாங்குங்கள். மழையில் கை வழுக்குகிறது, அதனால் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறோம்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை 22 படி இறங்கிப் பீலிக்கரை (தண்ணீர் பிடித்துத் துணி துவைக்கிற இடம்) வரைக்கும் போனார். ஒரு வருடத்துக்குப் பிறகு. அங்கே கல்லில் உட்கார்ந்து, யார் யார் துணி எப்படித் துவைக்கிறார்கள் என்று ஒரு மணித்தியாலம் குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஏறும்போது தங்கச்சியும் பக்கத்து வீட்டு அக்காவும் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். மற்றப் பக்கத்துக் கம்பிக்கு அடுத்த சம்பளத்தில் பார்க்க வேண்டும்.